முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள்

பெங்களூரு
18.11.2024

அன்புள்ள சுமையாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் எண்ணை நீ பிளாக் செய்து எட்டு வருஷமாகிறது. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. முத்துப்பேட்டையில் நீ வேதியியல் டீச்சராக இருப்பதாக அப்பா சொன்னார். அதனால் பள்ளி முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

முதலில் வேலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

என் மேசையில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான், ஆனால் தூக்கினால் கை இறங்கும். கர்நாடகத்தில் ஒரு பழைய இரும்புச் சுரங்கத்தின் ஓரத்தில் எடுத்தது. சிவப்பு வரி, கருப்பு வரி, மறுபடி சிவப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். வயது இருநூற்று அறுபது கோடி வருஷம். அன்று பூமியில் மீன் இல்லை, புல் இல்லை, கண் உள்ள உயிர் ஒன்றுகூட இல்லை. இந்தக் கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், சிவப்பு வரிக்குள் நூல்கள் தெரிகின்றன, சுமையா. தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு தடிமன். சில நேராக, சில முறுக்கிக்கொண்டு. முதல் நூலைப் பார்த்தபோது என் வாயில் வந்தது உன் பெயர்தான். ஏனென்று உனக்குத் தெரியும்.

அவை உயிரோடு இருந்தவை என்று நினைக்கிறேன். தண்ணீரில் கரைந்த இரும்பைத் தின்று, துருவைத் தன்மேல் போர்த்திக்கொண்டு, அந்தத் துருவுக்குள்ளேயே கல்லாகிப்போனவை. இதை மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமானால், இன்றைக்கு உயிரோடு இருக்கும் அதே வகையைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊர் வடிகால் ஓரத்தில், அப்பாவின் குத்தகை வயலில் ஊறும் அந்தக் காவிச் சேறு எனக்கு வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். அனுப்பினார். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, சேறெல்லாம் போக, குடிக்கிற மாதிரித் தெளிந்த நீர். "ஆராய்ச்சிக்குப் போற தண்ணி. அழுக்கா அனுப்புனா நம்மள என்ன நினைப்பாங்க?" என்றார் போனில். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் அள்ள வேண்டும் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

முடியுமா?

தமிழ்நிலா


முத்துப்பேட்டை
2.12.2024

தமிழ்நிலாவுக்கு,

கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கொடுத்தார்கள். "பெங்களூர்ல யாரு மிஸ்?" என்று நாலு பேர் கேட்டார்கள். "கூடப் படிச்சவ" என்றேன். கிழிக்கவில்லை. பத்து நாள் பையிலேயே கிடந்தது.

"ஏனென்று உனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். நீ எழுத வேண்டிய வரியை என் தலையில் கட்டாதே. சரி, நானே எழுதுகிறேன்.

2016 பொங்கல் லீவு. நாம் தஞ்சாவூரில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். உன் வீட்டுக்கு வந்திருந்தேன். எண்ணெய்க் கம்பெனிக் குழாய் போகும் உங்கள் வயல் ஓரத்தில் தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மின்னியது. "குழாய் உடைஞ்சு எண்ணெய் வந்துடுச்சு" என்று ஊரே கூடிவிட்டது. உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு கருவைக் குச்சியை ஒடித்துப் படலத்தைக் குத்தினேன். எண்ணெய் என்றால் குத்திய இடம் திரும்பக் கூடிக்கொள்ளும். இது கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து அப்படியே நின்றது. "இது எண்ணெய் இல்லப்பா, பயப்படாதீங்க" என்று சொன்னது நான். அடியில் இருந்த செம்மஞ்சள் சேற்றை டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு போனது நான். லேப் கேமரா ரிப்பேர் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அந்த முறுக்கு நூல்களை இருபத்தாறு படமாக வரைந்தது நான்.

ஏப்ரலில் எனக்கு நிக்காஹ். படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்தபோது உன் புராஜெக்ட் புத்தகத்தை அலமாரியில் பார்த்தேன். முதல் பரிசு என்று ஸ்டிக்கர். உள்ளே என் இருபத்தாறு படம். என் பெயர் எங்கேயும் இல்லை. நன்றியுரையில் மட்டும் ஒரு வரி: "என் தோழியருக்கும்." அந்தப் பன்மையில் நான் எத்தனாவது ஆள், நிலா?

இரண்டு வருஷம் கழித்து அரியர் எழுதிப் படிப்பை முடித்தேன். இப்போது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஹம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறேன்.

சேறு அனுப்ப மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கல்லில் இருக்கும் நூல்கள் எல்லாம் ஒரே தடிமனா?

சுமையா


பெங்களூரு
14.12.2024

சுமையா,

டெல்டாவில் மழை என்று செய்தியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் "எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினேன். இன்னொன்றில் "பயன்படுத்தினேன்" என்று. இது ஐந்தாவது. திருடினேன். இந்தச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர ஒரு மணி நேரம் ஆனது.

காரணம் சொல்வதாக நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன். அந்த புராஜெக்ட் இரண்டு பேருடையது. நீ போனபோது சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது. என்னிடம் ரசாயன அளவுகள் மட்டும்தான் இருந்தன, படங்கள் இல்லாமல் அதற்கு அர்த்தம் இல்லை. "படிப்பை விட்டுட்டுப் போன பொண்ணு பேரை எப்படிம்மா போடுறது?" என்றார் புராஜெக்ட் சார். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் பட்ட மேற்படிப்பு வரை வந்தவள் நான் ஒருத்தி. அம்மா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாய் திறந்தால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், ஒன்றும் போயிருக்காது. சார் கொஞ்சம் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. உன் நிக்காஹ் தேதியைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை. பத்திரிகை தபாலில் வந்தது. இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்குப் பத்திரிகை தபாலில். விடுதியில் உன் கட்டிலைக் காலி செய்ய உன் அத்தா வந்தபோதுதான் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. கோபத்தில்தான் பெயரை விட்டேன் என்று சொல்லவில்லை. கோபமும் இருந்தது என்கிறேன்.

தடிமனை நான் அளக்கவில்லை. பார்க்க அழகாக இருந்த முப்பது நூல்களைப் படம் எடுத்தேன். மார்ச்சில் கட்டுரை அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் உதவித்தொகையை நீட்டிப்பார்கள். நீ ஏன் தடிமனைக் கேட்டாய்?

நிலா


முத்துப்பேட்டை
6.1.2025

நிலா,

தேதியைச் சொல்லாதது தப்புதான். சொன்னால் நீ "வேணாம்னு சொல்லுடி" என்பாய். நானும் சொல்லியிருப்பேன். அந்த தைரியம் வந்துவிடுமோ என்று பயந்தேன். இது இத்துடன் போகட்டும்.

தடிமன் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இன்னும் நிச்சயம் இல்லாததால் இப்போது சொல்ல மாட்டேன்.

நேற்று உங்கள் ஊருக்குப் போனோம். ஹம்தான் பைக்கில் அழைத்துப்போனார். வழியெல்லாம் கேலி. "துருவை விரட்டத்தான் நான் பெயின்ட் விக்கிறேன். துருவைத் தேடி ஒருத்தி பெங்களூர்லேர்ந்து லெட்டர் போடுறாளா?" மழைத் தண்ணீர் வடிந்து, பயிர் தப்பித்து நிற்கிறது. கதிர் பால் பிடித்திருக்கிறது. வடிகால் கரையில் அதே இடம், அதே படலம், அடியில் பஞ்சு மாதிரி அதே காவி. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் "மறுபடியும் எண்ணெய் எடுக்க ஆளு வந்துட்டாங்களா?" என்று அரிவாளோடு எழுந்துவிட்டார்கள். குச்சியால் குத்தி உடைத்துக் காட்டினேன். ஆளுக்கு ஒரு குச்சி எடுத்துக் குத்திப் பார்த்து, "ஆமாம், சில்லு சில்லா நிக்குது" என்று சிரித்தார்கள்.

நீர் ஊறி வெளியே வரும் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி அள்ளினேன். கண்ணிலேயே அள்ளினால் காற்றுப் படாத தண்ணீர், அங்கே இவற்றுக்கு மூச்சு இல்லை. ரொம்பத் தள்ளி அள்ளினால் இரும்பு தானாகவே துருவாகிவிடும், இவற்றுக்குச் சாப்பாடு இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இவற்றின் குடித்தனம்.

பிறகு உன் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனார். பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த உன் புராஜெக்ட் புத்தகத்தை எடுத்தார். "இந்தப் படத்துக்கெல்லாம் நம்ம கூடத்துல உக்காந்துதானேம்மா நீ மை போட்ட? உம் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு. நிலாகிட்ட கேட்டா அப்புறம் காட்டுறேன், அப்புறம் காட்டுறேன்னு எட்டு வருஷமா சொல்லுது" என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் பக்கத்தைப் புரட்டி, "தோழியருக்கும்" என்ற வரியில் விரலை வைத்து, "இதோ இருக்குப்பா" என்றேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். உனக்காகப் பொய் சொல்லவில்லை. அவர் முகத்துக்காகச் சொன்னேன்.

சேறு பஸ் பார்சலில் வருகிறது. இரண்டு பாட்டில். கழுவவில்லை.

சுமையா


பெங்களூரு
28.1.2025

சுமையா, சுமையா,

வந்தது! பாட்டிலைத் திறந்ததும் எங்கள் வயல் நாற்றம். பக்கத்து மேசைக்காரன் எழுந்து ஜன்னலைத் திறந்தான். எனக்கு மூக்கை எடுக்க மனசில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். உறை உறையாக, வெறும் குழாய்கள். உள்ளே இருந்த உயிர் வளர்ந்து முன்னால் நகர்ந்துவிடுகிறது, பின்னால் துருச் சட்டையை விட்டுப்போகிறது. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி, ஆனால் உரித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நீ சொன்ன முறுக்கு நாடாக்கள். ஒரு திரையில் உன் சேறு, மறு திரையில் என் கல். என் ஆராய்ச்சிக் கைடு எழுந்து வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எது கல், எது சேறு?" என்று கேட்டார்! அவர் அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

இருநூற்று அறுபது கோடி வருஷம், சுமையா. மலை எழுந்து கரைந்து, கடல் வந்து போய், அத்தனைக்குப் பிறகும் எங்கள் வடிகால் ஓரத்தில் அதே பிழைப்பு.

அப்பா விஷயத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். அதைப்பற்றி இப்போது எழுத வரவில்லை.

கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்தமுறை உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

நிலா


முத்துப்பேட்டை
17.2.2025

நிலா,

என் பெயரைப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு முடிந்தது. லேப் அலமாரியைக் காலி செய்யும்போது சோடியம் சிலிகேட் பாட்டில் ஒன்று கிடைத்தது. பிள்ளைகளுக்கு ரசாயனத் தோட்டம் செய்து காட்டுவோமே, அதுதான். சிலிகேட் கரைசலில் உப்புக் கட்டியைப் போட்டால் செடி மாதிரிக் குழாய் குழாயாக முளைக்கும். நான் கட்டியைப் போடவில்லை. இரும்பு உப்பை மாவாக அரைத்துத் தூவினேன். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏதோ முளைத்தது. ஒரு துளி எடுத்து ஸ்லைடில் வைத்தேன்.

நூல்கள், நிலா. வெறும் குழாய்கள். சில நேராக, சில முறுக்கிக்கொண்டு. காற்றுப் பட்டதும் துரு நிறம் ஏறியது. அதில் உயிர் என்று ஒன்றுமே கிடையாது. உப்பு, கரைசல், பத்து நிமிஷம், அவ்வளவுதான். உன் கல் உருவான அந்தப் பழைய கடலிலும் இரும்பு இருந்தது, சிலிகா இருந்தது. இதே தோட்டம் அங்கேயும் தானாக முளைத்திருக்கலாம்.

டிசம்பரில் தடிமன் கேட்டது இதனால்தான். நேரில் பார்க்காமல் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். உயிர் செய்த உறை அந்த உயிரின் அளவுக்குத்தான் இருக்கும், தடிமன் அநேகமாக ஒன்றாக வரும். உப்பு செய்த குழாய்க்கு அளவு கிடையாது. ஒன்று மெல்லிசு, ஒன்று அதைப்போலப் பத்து மடங்கு. அழகானதை மட்டும் பொறுக்கினால் இந்த வித்தியாசம் தெரியாது.

ஸ்லைடுகளைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன். நீ என்ன செய்கிறாயோ, அது உன் பாடு.

சுமையா


பெங்களூரு
1.3.2025

சுமையா,

ஸ்லைடு உடையாமல் வந்தது.

கட்டுரை முடிந்து, கைடு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. காட்டினேன். "இதை யாராவது கேட்டால் அப்போது பதில் சொல்லலாம், இப்போது நாமாக ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?" என்றார்.

எட்டு வருஷம் காத்திருந்து சரியான இடத்தில் அடித்துவிட்டாய். உனக்குத் திருப்திதானே?

தமிழ்நிலா


பெங்களூரு
23.3.2025

சுமையா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நோன்பு மாதம், பொதுத்தேர்வு வேறு. அதனால் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதனால் இல்லை என்று தெரியும்.

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, உன் ஸ்லைடைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். எறிவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். பிறகு ஒரு குழாயை அளந்தேன். பக்கத்தில் இருந்ததை அளந்தேன். அது இதைப்போல நாலு மடங்கு. அப்புறம் கை நிற்கவில்லை. உன் ஸ்லைடில் நூறு, உன் சேற்றில் நூறு. பிறகு கல்லை எடுத்தேன். இந்தமுறை எதையும் பொறுக்கவில்லை. தகட்டின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை, கோணல், உடைசல், அசிங்கம் என்று பாராமல் கண்ணில் பட்ட ஒவ்வொன்றும். முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள். பதினாறு நாள்.

நீ சொன்னதுதான் சரி. சேற்றில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தடிமன். உன் உப்புத் தோட்டத்தில் கண்டபடி. கல்லில் இருநூற்று எழுபத்தொன்று உன் உப்பு மாதிரியேதான். நான் படம் எடுத்த அழகான முப்பதில் இருபத்தெட்டு அதில் அடக்கம்.

பாக்கி நாற்பத்தொன்று. அவை தகடு முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஒரே ஒரு மெல்லிய சிவப்பு வரியில் மட்டும், ஒன்றையொன்று ஒட்டி, எல்லாம் ஒரே தடிமன். அவை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன் ஸ்லைடைத் திரையில் போட்டு, யார் செய்தது என்றும் சொல்லி, கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். "உன் உதவித்தொகை மே மாதத்தோடு முடிகிறது, தெரியுமில்லையா?" என்றார் கைடு. தெரியும் என்றேன். நீட்டிப்பு கிடைக்காது.

இன்னொன்று. தஞ்சாவூர்க் கல்லூரித் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். படங்கள் சுமையா வரைந்தவை, கண்டுபிடிப்பும் அவளுடையது, புத்தகத்தில் அப்படித் திருத்தம் ஒட்ட வேண்டும் என்று. பரிசைத் திரும்பக் கேட்டால் தருவதாகவும். அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், "அந்தப் பொண்ணு அன்னிக்கி எனக்குக் காட்டுனது பொய்யா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஒன்ன விட அதுக்குத்தான் எம்மேல பிரியம்" என்று வைத்துவிட்டார்.

திருப்திதானே என்று கேட்டதற்கு மன்னித்துவிடு.

நிலா


முத்துப்பேட்டை
8.4.2025

நிலா,

பெருநாள் முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. அந்த ஸ்லைடில் முதல் நூலைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. புதிதாக ஒன்றைக் கண்ட சந்தோஷம் பாதி. மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம் பாதி. லேபில் தனியாக நின்று சிரித்தேன். அதனால்தான் உனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. நீ என்ன செய்வாய் என்று வேவு பார்க்கிற மாதிரிக் காத்திருந்தேன். நீ கட்டுரையை அனுப்பியிருந்தால் இன்னும் எட்டு வருஷத்துக்குக் கோபப்படக் காரணம் கிடைத்திருக்கும். நீ அதையும் பறித்துவிட்டாய்.

அப்பாவுக்கு நேற்று பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "பொய் சொன்னதுக்கு அபராதமா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அந்த நாற்பத்தொன்று. தூக்கம் வரவில்லை எனக்கு. தடிமன் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. யாராவது நாளைக்கு ஒரே தடிமனில் உப்புக் குழாய் செய்து காட்டிவிடலாம். உயிர் இருந்திருந்தால் அதன் உடம்பு எங்கே? கொஞ்சமாவது கரி அந்தச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் அத்தனை கோடி வருஷம் பூமிக்குள் வெந்த பிறகு கரி அங்கேயே தங்குமா, ஓடிவிடுமா? அது தெரியாமல் தேடிப் பயனில்லை. அதற்குச் சேற்றையும் உப்புக் குழாயையும் சேர்த்து வேகவைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்தேன். பிரஷர் குக்கரில், இரண்டு தனித்தனிச் சோதனைக் குழாயில், ஆறு மணி நேரம். ஹம்தான் சமையலறை வாசலில் நின்று, "இன்னிக்கு துருக் குழம்பா?" என்றார். ஒன்றும் புரியவில்லை. இரண்டும் வேகாத மாதிரியே வந்தன. குக்கர் சூடு போதாது. உங்கள் லேபில் இருக்கும் அடுப்பு வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும்.

மே ஒன்றிலிருந்து எனக்கு லீவு. உன் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறதா?

சுமையா


பெங்களூரு
20.6.2025

சுமையா,

நீ போய் நாலு வாரம் ஆகியும் லேபில் உன்னைக் கேட்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மணிக்கு ஒருமுறை சூடு குறித்தது யார், புதிய புரொபசரா என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கைடுகூட நேற்று, "உங்க டீச்சர் அடுத்து எப்ப வர்றாங்க?" என்றார்.

பன்னிரண்டு நாள் வெந்த சேற்றை நாம் திறந்த அன்று நீ என் தோளை அழுத்தினாயே, அந்த இடம் இப்போதும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. சேற்று உறையின் சுவரில் கரி ஒரு கோடாக நின்றது, உப்புக் குழாயில் ஒரு புள்ளிகூட இல்லை. நீ ரயில் ஏறிய பிறகு கரி தேடும் அதே சோதனையைக் கல்லின் நாற்பத்தொன்றின்மேல் ஒவ்வொன்றாக ஓட்டினோம். இருபத்திரண்டில் ஒன்றும் இல்லை. பத்தொன்பதில் இருக்கிறது. சுவரை ஒட்டி, கோடாக, நம் சேற்றில் பார்த்த மாதிரியே.

பத்தொன்பது. மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில் "சான்று" என்று வேண்டும் என்றார் கைடு. "உயிராக இருந்திருக்கக்கூடியவை" என்று மாற்றினேன். இரண்டு நாள் வாதாடினார், பிறகு ஒத்துக்கொண்டார். ஆசிரியர் பெயர்களில் நீ முதலில். உன் பெயருக்குக் கீழே உன் பள்ளியின் பெயர், முத்துப்பேட்டை, அஞ்சல் எண் வரை.

உதவித்தொகை நின்றுவிட்டது. மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் எடுக்கிறேன். நீ தினம் ஆறு பீரியட் எப்படி நிற்கிறாய்? எனக்கு இரண்டுக்கே தொண்டை போய்விடுகிறது. பகலில் லேபில் உட்கார விடுகிறார்கள், அது போதும்.

கட்டுரைப் பிரதியும் பத்தொன்பது படமும் பெரிதாக அச்சிட்டு இத்துடன் இருக்கிறது. பார்த்து, சரி என்று எழுதினால் அனுப்பிவிடலாம்.

நிலா


முத்துப்பேட்டை
2.7.2025

அன்புள்ள நிலா,

கட்டுரை நன்றாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் "வியக்கத்தக்க" என்ற சொல்லை அடித்திருக்கிறேன். வியக்கிறவர்கள் வியந்துகொள்ளட்டும்.

பெயர் வரிசையை மாற்று. கல்லை அளந்தவள் நீ. நீ முதலில், நான் அடுத்து. இது பெருந்தன்மை இல்லை. நடந்தது அதுதான். பள்ளி பெயர் இருக்கட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துவிட்டு, "நம்ம ஸ்கூல் பேரு ஆராய்ச்சிக் கட்டுரையில வருமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். லேபுக்குப் புது நுண்ணோக்கி கேட்க இதுதான் சமயம் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பத்தொன்பது படத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து மூன்று நாள் பார்த்தேன். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹம்தான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு காலத்துல உசுரோட இருந்துச்சா? அப்ப என் கடையில இருக்கற கம்பியெல்லாம் யாரோட எலும்பு?" என்றார். அப்படி இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே நிச்சயம் இல்லாமல் போய்விட்டது. நிறுத்திவிட்டேன்.

ஏழாவது படத்தை எடுத்துப் பார். நடுவில் எல்லாம் சரி, தடிமன் சரி, கரியும் இருக்கிறது. ஆனால் வலது நுனியில் லென்ஸ் வைத்துப் பார். லேசாக விரிகிறது, புனல் வாய் மாதிரி. என் உப்புத் தோட்டத்தில் கரைசல் பீய்ச்சி வெளியே வரும் இடத்தில் அப்படித்தான் விரியும். சேற்றில் நீ அளந்த நூறில் ஒன்றுகூட அப்படி விரியவில்லை. அந்தக் கரி பக்கத்திலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். எனக்கும் அதை விட மனசில்லை. இருக்கிறதிலேயே அழகானது அதுதான். இரண்டு முறை எடுத்து வெளியே வைத்து, இரண்டு முறை திரும்ப உள்ளே வைத்தேன்.

அதை எடுத்துவிடு. பதினெட்டு என்று திருத்தி அனுப்பு.

சுமையா